வீட்டுக் கொல்லையில் பனை வளர்த்தல்

பனை நம் மாநில மரம் என்பது யாவரும் அறிந்ததே. விழுப்புரத்திலிருந்து காணை வழியாகக் கெடாருக்குச் செல்லும்போது வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் அம்மரம் நிற்பதை நாள்தோறும் காண்கிறோம். நாள்தோறும் காண்பதனாலேயே அதைப் பற்றி நாம் நினைப்பதில்லை போலும். நிற்பவற்றைச் சற்று உற்று நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். அவற்றுள் பெரும்பாலானவை நெடிய முதுமரங்கள். நம் பாட்டனார் காலத்தவை. அவற்றுக்கு வாரிசாக இடுப்பளவிலும் ஆளுயரத்திலும் நிற்கவேண்டிய வடலிகள், அதாவது இளம் பனைகள், பல ஊர்களில் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே உள்ளன. செங்கற் சூளைக்கென்று வெட்டப்பட்ட மரங்களைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். முளைத்து எழாமற்போன மரங்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

2021ஆம் ஆண்டில் தமிழக அரசு முதன்முதலாக வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை அளித்தபோது, 30 மாவட்டங்களுக்கு 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்கப்படும் என்றும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ ஊர்களில் ஏரிக்கரை ஓரமாக மாணவரும் இளைஞரும் ஆர்வத்துடன் விதைகளை ஊன்றியிருக்கிறார்கள். அம்முயற்சி பாராட்டுக்குரியது. எனினும் விதைத்த கணக்கு எழுதப்படுகிறதேயன்றி, ஐந்து ஆண்டுகள் கழித்து நிற்கும் கணக்கை எழுதுவோர் அரிது. பனையை நாம் இழப்பது விதைக்கும்போது அன்று. விதைத்த பின் வரும் முதல் ஐந்தாறு ஆண்டுகளிலேயே இழக்கிறோம். அந்த ஆண்டுகளில் கன்றுக்கு ஒரு காவலர் வேண்டும். ஏரிக்கரையில் காவலர் எவரும் இல்லை. வீட்டுக் கொல்லையில் குடும்பமே காவல் இருக்கிறது. ஆகவே பனையைப் பொது இடத்துக்கு மட்டும் உரிய மரமாகக் கருதாது, வீட்டுத் தோட்டத்து மரமாகவும் கொள்ளவேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

இது புதிய யோசனையும் அன்று. யாழ்ப்பாணத்தில் பனை வீட்டு வளவிலேயே நின்று அக்குடும்பத்துக்கு உணவும் கூரையும் வேலியும் தந்து வந்திருக்கிறது. கம்போடியா நாட்டு உழவர் நெல்வயல் வரப்புகளில் வளர்க்கும் பனை, 2005இல் அந்நாட்டின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது. நம் பக்கத்திலேயே பூரிகுடிசை, நரசிங்கனூர் ஆகிய ஊர்கள் பனைத்தொழிலுக்குப் பெயர்பெற்றவை. கன்று வளர்க்க விரும்புவோர் அங்குள்ள பெரியவர்களிடம் அரை நாள் பேசிவிட்டு வந்தால், இக்கட்டுரை கூறுவதைவிட அதிகம் தெரிந்துகொள்வர்.

விதை முளைக்கும் விந்தை

பனை வளர்ப்பில் நேரும் தவறுகளுள் பெரும்பாலானவை, அதன் விதை முளைக்கும் முறையை அறியாததால் நேர்பவை. மற்ற விதைகள் முளைத்தவுடன் மேல்நோக்கி இலை விடும். பனங்கொட்டையோ முதலில் கீழ்நோக்கிச் செல்கிறது. கொட்டையின் கண்ணிலிருந்து குழாய் போன்ற ஒரு தண்டு புறப்பட்டு, மண்ணுள் ஓர் அடி முதல் இரண்டடி வரை இறங்குகிறது. அதன் நுனியில்தான் கன்று உருவாகிறது. கொட்டைக்குள் இருந்த உணவு, நாம் தவுன் என்று விரும்பி உண்ணும் மென்மையான பொருளின் வழியாகக் கரைந்து அந்தக் கன்றுக்குச் சென்று, அங்கே கிழங்காகத் திரள்கிறது. தைப் பொங்கலுக்கு அவித்து உண்ணும் பனங்கிழங்கு வேறொன்றும் அன்று. அது மண்ணுக்குள் இருக்கும் பனங்கன்றே. கிழங்கைப் பிடுங்கினால் ஒரு மரத்தைப் பிடுங்கினோம் என்று பொருள்.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. பனையை ஓரிடத்தில் முளைக்கவைத்து மற்றோரிடத்தில் பெயர்த்து நடுவது எளிதன்று; கீழே இறங்கிய நுனி அறுபட்டால் கன்று மடியும். மரம் நிற்கவேண்டிய இடத்திலேயே விதையை ஊன்றுவது சாலச் சிறந்தது. நாற்றங்காலில் வாங்கும் கன்றாயின், நீளமான பையில் வளர்ந்து, வேர் அடியில் சுருளாத இளங்கன்றாகப் பார்த்து வாங்கவேண்டும். இரண்டாவது பாடம், மேலே ஒன்றும் தெரியவில்லையே என்று மனம் தளரலாகாது என்பது. முதல் ஓலை மண்ணுக்கு மேல் வரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை கீழே வேலை நடந்துகொண்டே இருக்கிறது. ஆவலை அடக்கமாட்டாமல் கிளறிப் பார்ப்பவர் கன்றைக் கெடுத்தவர் ஆவார்.

விதையும் குழியும்

ஆவணி, புரட்டாசி மாதங்களில் பழுத்துத் தாமே விழும் பழங்களிலிருந்தே விதை எடுக்கவேண்டும். ஆண்டுதோறும் தவறாது காய்க்கும், குலை பெருத்த, நுங்கு சுவையான தாய்மரம் எது என்பதை ஊரில் மரம் ஏறுவோர் நன்கு அறிவர். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டைகள் இருக்கும். பழத்தைச் சில நாள் நிழலில் குவித்துவைத்துச் சதையைப் பிசைந்து நீக்கி, எடை குறைந்தவற்றையும் பூச்சி துளைத்தவற்றையும் தள்ளிவிட்டு, காலம் தாழ்த்தாமல் ஊன்றவேண்டும். வெயிலில் காய்ந்து கிடந்த பழைய கொட்டைகளைச் சாக்கில் வாங்கி நடுவது வீண் உழைப்பு. நம் மாவட்டத்துக்கு வடகிழக்குப் பருவமழையே முக்கியமாதலால், ஐப்பசி மழை தொடங்குமுன் விதை மண்ணுக்குள் இருத்தல் நலம்.

குழி ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழம் இருந்தால் போதும். அடியில் மண்ணைக் கடப்பாரையால் நன்கு நெகிழ்த்துவது அவசியம். கீழே இறங்கும் தண்டுக்கு அதுவே வழி. ஒரு கூடை மக்கிய குப்பையை மேல்மண்ணுடன் கலந்து நிரப்பி, குழிக்கு இரண்டு விதைகளை நான்கு அங்குல ஆழத்தில் வைத்து மூடவேண்டும். இரண்டும் முளைத்தால் இரண்டாம் ஆண்டில் வலுவானதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடலாம். குழிக்குக் குழி பத்தடி இடைவெளி வேண்டும். செம்மண்ணும் மணற்பாங்கான நிலமும் பனைக்கு ஏற்றவை. மழைநீர் நாட்கணக்கில் தேங்கும் பள்ளம் மட்டும் ஆகாது, விதை அழுகிவிடும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் சிரத்தை வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் இருபதடியாவது தள்ளி, கொல்லையின் பின்வேலி ஓரமாக நடுக. பனையின் வேர்கள் ஆல், அரசு வேர்களைப்போலப் பருத்துச் சுவரைப் பிளப்பதில்லை. ஆயினும் காய்ந்த மட்டையும் பழமும் உயரத்திலிருந்து விழுமாகையால், குழந்தைகள் விளையாடும் இடமும் மாடு கட்டும் இடமும் அதன் கீழே அமையலாகாது. உயர்ந்த மரத்தில் இடி விழுவதும் உண்டு. மின்கம்பி செல்லும் பாதையின் கீழ் நடுவதோ இருபது ஆண்டுகள் கழித்து வெட்டுவதற்காக நடுவதாகும். எல்லையில் நடுபவர் கோட்டின்மேலேயே நடாமல் தம் பக்கம் மூன்றடி உள்ளே தள்ளி நடுவாராயின், பிள்ளைகள் காலத்தில் பஞ்சாயத்து வைக்கவேண்டிய அவசியம் நேராது!

புயலில் வீட்டின்மேல் சாய்ந்துவிடுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலில் கடலூர்ப் பக்கத்து முந்திரியும் பலாவும் பெருமளவில் வீழ்ந்தன. 2018 நவம்பரில் கஜா புயலில் தஞ்சைப் பகுதித் தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. நூற்றுக்கணக்கான நார்வேர்களால் நிலத்தைப் பற்றியிருக்கும் பனை வேரோடு சாய்வது அரிது. இருபதடி தள்ளி நடுமாறு கூறியது விழும் மட்டைக்கும் பழத்துக்கும் இடிக்கும் அஞ்சியே.

முதல் ஐந்து ஆண்டுகள்

கன்றின் முதல் ஓலை விசிறிபோல் இராது. ஒற்றைப் பட்டையாக, தடித்த புல்லைப்போல் நிற்கும். களை எடுப்பவர் அதைப் புல் என்றே எண்ணிக் கொத்திவிடுவது வழக்கமாக நேர்கிறது. எனவே ஒவ்வொரு குழியருகிலும் ஒரு முளைக்குச்சி நட்டு அடையாளம் செய்க. ஆடுமாடு கடியாதபடி கருவேல முள்ளை வட்டமாக வைக்கவேண்டும். காட்டுப்பன்றி வரும் ஊர்களில் அது கிழங்கைத் தோண்டித் தின்னும். ஏரிக்கரையில் ஊன்றியவற்றை மனிதரும் கிழங்குக்காகத் தோண்டிவிடுகிறார்கள். கொல்லையில் இவ்விரு தொல்லையும் குறைவு.

பனைக்கு நீர் வேண்டியதில்லை என்பது பாதி உண்மை. வளர்ந்த பனைக்கு வேண்டியதில்லை. முதல் இரண்டு கோடைகளில் கன்றுக்கு வேண்டும். பாத்திரம் கழுவிய நீர் வாரம் ஒரு குடம் கிடைத்தால் கன்று பிழைத்துக்கொள்ளும். தென்னைக்கு ஆண்டு முழுவதும் பாய்ச்சவேண்டிய நீரை நினைத்தால் இது ஒரு பொருட்டன்று. தண்ணீர் வசதி உடையவர் தென்னையும் வைக்கலாம். அது ஐந்தாறு ஆண்டுகளில் காய்த்துவிடும். மல்லாட்டை விதைக்க வானத்தைப் பார்க்கும் குடும்பத்துக்குப் பனையே துணை.

நெருப்பைக் குறித்து மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். கரும்புச் சோகைக்கு வைக்கும் தீ வேலியோரத்து வடலிகளைக் கருக்கிவிடுகிறது. பனைக்கு உயிர் உச்சிக்குருத்து ஒன்றிலேயே உள்ளது. அது கருகினால் பக்கக் கிளை விட்டுத் தழைக்காது. தண்டில் ஏற்படும் காயமும் மற்ற மரங்களில்போல் பட்டை வளர்ந்து மூடிக்கொள்வதில்லை. ஆகவே ஆணி அடிப்பதும் அரிவாளால் கொத்திப் பார்ப்பதும் தகாது. ஓலை வேண்டுமாயின் அடியோலைகளை மட்டும் அறுக்கலாம். வடலியை மொட்டையாக்கினால் அதன் வளர்ச்சி ஆண்டுக்கணக்கில் பின்தங்கும். மட்டையின் இரு விளிம்புகளிலும் உள்ள கருக்கு கையைக் கிழிக்கும் என்பதால் சிறுவரைக் கொண்டு இவ்வேலையைச் செய்விக்கலாகாது.

குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு எருக்குழியிலேயே பெருகுகிறது. எருக்குழியை மரங்களுக்கு அருகில் வைக்காமலும், ஆண்டுதோறும் எருவைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழித்தும் வந்தால் பாதித் தொல்லை தீரும். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரு பங்கும் கலந்து குருத்தை அடுத்த மட்டை இடுக்குகளில் இடுவது தென்னையில் பயன் தரும் முறை. பனைக்கும் அதையே கையாளலாம்.

பயன் கிட்டும் காலம்

‘நான் நட்டு யார் அனுபவிக்கப்போகிறார்கள்?’ என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பனை பூப்பதற்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள், சில நிலங்களில் அதற்கு மேலும் ஆகும் என்பது உண்மையே. இந்த ஆட்சேபணையைத் தட்டிக் கழிக்க நான் விரும்பவில்லை. நாற்பது வயதில் விதைப்பவர் ஐம்பத்தைந்தில் நுங்கு வெட்டலாம் என்றால் பலருக்கு அது நீண்ட காத்திருப்புதான். ஆனால் முதல் ஆண்டிலேயே பயன் எடுக்கவும் வழி உண்டு. மரத்துக்கு வேண்டிய விதைகளைத் தனிக் குழிகளில் ஊன்றியபின், மிஞ்சும் கொட்டைகளைக் கொல்லையின் ஒரு மூலையில் இரண்டடி உயரமாக மணல் கலந்து அமைத்த பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மூடிவிடுங்கள். தை மாதத்தில் கிழங்கு எடுக்கலாம். வீட்டுக்குப் போக மிஞ்சுவதைச் சந்தைக்கு அனுப்பலாம். ஆண்டுதோறும் இப்பாத்தியைக் கவனிக்கச் செல்பவரின் கண் பக்கத்தில் நிற்கும் கன்றுகள் மேலும் படும். கன்றைக் காப்பதற்கு இதைவிடச் சிறந்த உபாயம் எனக்குத் தெரியவில்லை.

மற்றொரு சங்கடம், பனையில் ஆண் வேறு, பெண் வேறு என்பது. விதையைக் கண்டோ கன்றைக் கண்டோ எது எதுவென்று சொல்ல இயலாது. பாளை வந்த பின்னரே தெரியும். நுங்கும் பழமும் பெண்மரத்தில் மட்டுமே. ஏறக்குறைய சரிபாதி ஆணாகும் என்று கொண்டால், நான்கு நட்டவருக்கு நான்கும் ஆணாகிவிட பதினாறில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பத்து நட்டவருக்கு அது ஆயிரத்தில் ஒன்றாகக் குறைகிறது. ஆகவே இடம் உள்ளவர் வேலி நெடுகப் பத்துக்குக் குறையாமல் நடுக. மூன்று சென்டு மனை உடையவர் இரண்டு நட்டு, பக்கத்து வீட்டாரையும் இரண்டு நடச் செய்தால், தெருவுக்கே பெண்மரம் கிட்டும். அலகுப்பனை என்னும் ஆண்மரமும் வீணன்று. அதன் பாளையிலிருந்தும் பதநீர் இறங்கும். அதன் பூந்தூள் இன்றிப் பெண்மரம் காய்க்காது. ஆண் என்று கண்டவுடன் சூளைக்காரருக்கு விலை பேசுவது அறியாமை.

மரம் ஏறுவோர் குறைந்துவிட்டனர். மரம் இருந்தும் என்ன செய்வது என்ற கேள்வியும் நியாயமானதே. பதநீருக்குத் தேர்ந்த கை வேண்டும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால்தான் பதநீர். தடவாவிட்டால் அது கள்ளாகும். கள் இறக்குவதற்குத் தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் தடை உள்ளது. ஏறக்குறைய எட்டு லிட்டர் பதநீர் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். அதற்கு விறகும் நிறைய வேண்டும். எனவே ஆள் இல்லாத குடும்பம் பதநீரை நம்பி நடவேண்டாம். பழம் தானாக விழும். கொட்டையும் கிழங்கும் அதிலிருந்தே கிடைக்கும். இளமரத்து ஓலையை நிலத்தில் நின்றபடியே அறுக்கலாம். பெட்டி, விசிறி, பாய் முடையலாம். நுங்குக்கு ஆண்டில் ஓரிரு முறை ஏறுபவரை அழைத்தால் போதும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆவணியில் விதை வழங்கும்போது பெற்றுக்கொள்ளும் குடும்பத்தின் பெயரையும் குழிகளின் எண்ணிக்கையையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அடுத்தடுத்த சித்திரை மாதங்களில் வார்டு உறுப்பினர் வீடு வீடாகச் சென்று உயிரோடு நிற்கும் கன்றுகளை மட்டும் எண்ணி அதே பக்கத்தில் எழுதட்டும். பட்டுப்போன குழிகளுக்கு வரும் ஆவணியில் மறுவிதை கொடுங்கள். ஐந்து சித்திரை எண்ணியபின் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.