பயிற்சிக்குப் புது யோசனை எங்கே?

கேள்வி: ஊழியர்களுக்கு மாதாந்திரப் பயிற்சி நடத்துகிறேன். எல்லாரும் கொட்டாவி விடுகிறார்கள். புதிய யோசனைகளுக்கு எங்கே போவது?
– வாசகர், வல்லம், செஞ்சி

பதில்: வேளாண்மைத் துறையின் உழவர் வயல்வெளிப் பள்ளியைப் பாருங்கள். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு 1989-இல் இந்தோனேசியாவில் தொடங்கிய முறை அது. கண்ட மருந்தையும் அடித்ததில் பூச்சிகளைத் தின்னும் சிலந்திகள் செத்து, நெல்லில் புகையான் என்ற பூச்சி பெருகியிருந்த காலம். உழவர்கள் வாரம் ஒருமுறை வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணி, கண்டதைத் தாளில் வரைந்து, மருந்து தேவையா என்று தாங்களே வாதாடி முடிவெடுத்தார்கள். வலை மூடிய நெற்பயிரில் சிலந்தியையும் புகையானையும் விட்டு, எது எதைத் தின்கிறது என்று பார்த்தார்கள். 'இது என்ன பூச்சி?' என்று கேட்டால் பயிற்சியாளர் உடனே பெயரைச் சொல்லமாட்டார்; 'எங்கே பார்த்தீர்கள், என்ன செய்துகொண்டிருந்தது?' என்று திருப்பிக் கேட்பார். பயிர் வாரந்தோறும் மாறியது, அதனால் பாடமும் மாறியது. அங்கே ஆட்டபாட்டமும் உண்டு, ஆனால் அது பாடத்துக்குத் துணைதான்.

அலுவலகத்தில் வயல் ஏது என்பீர்கள். திரும்பி வந்த சரக்கும், வாடிக்கையாளர் புகாரும், பழுதான இயந்திரமும் இருக்கின்றனவே! இந்த முறைக்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும் என்பது உண்மை. பாதுகாப்பு விதி, சட்ட விதி போன்றவற்றை நேரடியாகவே சொல்லிவிடுங்கள். அவற்றைக் கண்டுபிடிக்கச் சொல்வது வீண். மற்றவற்றுக்கு, அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு புகார்க் கடிதத்தை நடுவில் வைத்து, அவர்களைப் பேசவிடுங்கள்.