கடைசி வரியில் என்ன எழுதுவது

கொட்டிவாக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். நைட் ஷிப்ட் முடிந்து கேபில் வந்துகொண்டிருந்தாய், குரலிலேயே தூக்கம் தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன். லீவு நாளில் நிதானமாகப் படி.

நீ சொன்னவை இரண்டு. மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்த ஓர் அமெரிக்கரின் சார்ட், நோய்க்குக் குறியீடு போடும் உன் மெடிக்கல் கோடிங் வேலையில் உன்னிடம் வந்தது. டிஸ்சார்ஜ் நிலை என்ற இடத்தில் 20 என்று போட்டாய். நோயாளி இறந்துவிட்டார் என்பதற்கான எண் அது. போட்டுவிட்டு அடுத்த சார்ட்டைத் திறந்துவிட்டாய். சாப்பாட்டு இடைவேளையில்தான், ஒரு மனிதர் செத்துப்போனதையா படித்தோம் என்று உறைத்திருக்கிறது. இன்னொரு சார்ட்டில் டாக்டரின் குறிப்பு தெளிவாக இல்லை. எது நோய் என்று முடிவு செய்ய முடியாமல் நீ தயங்க, பக்கத்து சீட்டு சீனியர், “வழக்கமா வர்ற கோடையே போட்டுடு, டார்கெட் முக்கியம்” என்றிருக்கிறார். “இது தப்பா சித்தி, எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க?” என்று கேட்டாய்.

தப்புதான். இரண்டையும் நீ தனித்தனியாகச் சொன்னாலும் எனக்கு அவை ஒரே விஷயமாகத்தான் தெரிகின்றன.

நீ தினமும் புரட்டும் ஐ.சி.டி. நோய்க் குறியீடுகளின் பூர்வீகத்தைப் பயிற்சியில் சொல்லியிருக்க மாட்டார்கள். அது முதலில் ஒரு சாவுப் பட்டியல். பாரிஸ் நகரப் புள்ளியியல் துறைக்குத் தலைவராக இருந்த ஜாக் பெர்தியோன், 1893-ல் சிகாகோவில் நடந்த சர்வதேசப் புள்ளியியல் கழகத்தின் கூட்டத்தில் அதை முன்வைத்தார். மனிதர்கள் எவற்றால் சாகிறார்கள் என்பதை எல்லா நாடுகளும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்பதுதான் நோக்கம். 1948-ல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கையில் எடுத்து ஆறாவது திருத்தத்தைக் கொண்டுவந்தபோதுதான் உயிரோடு இருப்பவர்களின் நோய்களும் அதில் முழுமையாக இடம்பிடித்தன. பில் போடவும் இன்சூரன்ஸ் பணம் வாங்கவும் அது பயன்பட ஆரம்பித்தது பிற்பாடு.

அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. 17-ம் நூற்றாண்டு லண்டனில், சாவு விழுந்த வீட்டுக்கு வயதான பெண்கள் போய் உடலைப் பார்த்துவிட்டு, இன்ன காரணத்தால் சாவு என்று தேவாலய எழுத்தரிடம் சொல்வார்கள். அதை வாராவாரம் கூட்டி அச்சிட்டு விற்றார்கள். ஜான் கிரான்ட் என்ற துணி வியாபாரி அந்தத் தாள்களைச் சேர்த்துவைத்துக் கணக்குப் பார்த்து, 1662-ல் ஒரு புத்தகம் எழுதினார். மக்கள்தொகைக் கணக்கியல் பிறந்தது அதிலிருந்துதான் என்பார்கள். அவர் கண்டுபிடித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, கணக்கில் இருந்த பொய். பால்வினை நோயால் செத்தவர்களை, குடும்ப மானம் கருதி, அந்தப் பெண்களுக்குக் கொஞ்சம் பீரும் சில்லறையும் கொடுத்து வேறு நோயில் எழுத வைத்திருந்தார்கள். கொள்ளைநோய் பரவிய ஆண்டுகளில் மற்ற நோய்களின் சாவு எண்ணிக்கையும் கூடவே ஏறியிருந்தது. கொள்ளைநோய்ச் சாவுகளில் ஒரு பங்கு வேறு பெயர்களில் ஒளிந்திருக்கிறது என்று கிரான்ட் அதிலிருந்து புரிந்துகொண்டார்.

358 ஆண்டுகள் கழித்து அதுவே நம் சென்னையில் நடந்தது. 2020-ல் நீ பள்ளிக்கூடப் பிள்ளை, ஆன்லைன் வகுப்பில் இருந்தாய். தினமும் சாயங்காலம் டி.வி.யில் எண்ணிக்கை வரும், நாங்கள் அதற்காகவே காத்திருப்போம். அந்த ஜூன் மாதம், மாநில சுகாதாரத் துறை சொன்ன கொரோனா இறப்புக் கணக்கைவிட, மாநகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவேட்டில் அதிகம் பேர் இருப்பது தெரியவந்தது. அரசு ஒரு குழுவை அமைத்தது. மார்ச் 1 முதல் ஜூன் 10 வரையிலான இறப்புகளைக் குழு ஒப்பிட்டுப் பார்த்தது. ஜூலை 22 அன்று, சென்னையில் விடுபட்ட 444 இறப்புகள் கணக்கில் சேர்க்கப்பட்டன. அன்றைய 74 பேரோடு சேர்த்து ஒரே நாளில் 518.

அந்த 444 பேரை யாரோ ஒரு வில்லன் உட்கார்ந்து மறைத்ததாக நான் நினைக்கவில்லை. ஒரு சாவு பல மேசைகளைக் கடந்து போகிறது. சிகிச்சை தந்த டாக்டர், படிவம் நிரப்பும் மருத்துவமனை ஊழியர், மயானத்தில் ரசீது எழுதுபவர், மாநகராட்சி எழுத்தர், துறையில் அறிக்கை தயாரிப்பவர். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு வரி மட்டும். மொத்தமாக ஒரு மனிதரைப் பார்ப்பவர் அந்த வரிசையில் எவரும் இல்லை. இணை நோய் இருந்ததா, அப்படியென்றால் சர்க்கரை என்று எழுதலாமே என்று ஒருவர் நினைப்பார். தகவல் அனுப்ப நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னொருவர் நினைப்பார். சின்னச் சின்ன அசிரத்தைகள் கூடித்தான் 444 ஆகின்றன. அந்த வரிசையில் எங்கோ ஒரு பதிவேடு ஒழுங்காக எழுதப்பட்டிருந்ததால்தான் பிழை வெளியே வந்தது என்பதையும் மறக்காதே. பதிவேட்டு மேசையில் இருந்தவர்களின் பெயர் எந்தச் செய்தியிலும் வரவில்லை. அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

மருத்துவர் தரும் இறப்புக் காரணச் சான்றிதழை நீ பார்த்திருக்கிறாயா? மேல் வரியில், உடனடியாக உயிரைப் பறித்தது எது என்று எழுத வேண்டும். அடுத்த வரியில் அதற்குக் காரணம். அதன் கீழே, அதற்கும் காரணம். கடைசி வரியில் இருப்பதுதான் மூல காரணம், நாடு கணக்கில் எடுத்துக்கொள்வது அதைத்தான். ‘இதயம் நின்றுவிட்டது’ என்பது காரணமே ஆகாது என்று விதிமுறை சொல்கிறது. சாகும் எல்லோருக்கும் இதயம் நிற்கத்தான் செய்யும். ஆனாலும் நம் ஊரில் எத்தனை சான்றிதழ்களில் அது மட்டுமே இருக்கிறது! 1969-ம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, இந்தக் காரணச் சான்றிதழை டாக்டர் கட்டணம் வாங்காமல் தர வேண்டும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். அப்படியிருந்தும், 2020-ல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவக் காரணத்தோடு பதிவானவை ஏறக்குறைய 22 சதவீதம்தான். மற்றவர்கள் எதனால் போனார்கள் என்று நாட்டுக்குத் தெரியாது.

குடும்பங்களும் இதற்கு உடந்தை. கொரோனா என்று எழுதினால் உடலைத் தர மாட்டார்கள், தெருவைத் தகரம் வைத்து அடைத்துவிடுவார்கள் என்று பயந்து, வேறு ஏதாவது எழுதுங்கள் என்று கெஞ்சியவர்கள் உண்டு. 2021-ல் உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டால் 50,000 ரூபாய் நிவாரணம் வந்தபோது, சான்றிதழில் அந்தச் சொல் இல்லாதவர்கள் பழைய பரிசோதனை முடிவைத் தேடி அலைந்தார்கள்.

அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஏனென்றால் அது நியாயமாக இருந்தது. 2020 ஏப்ரல் 19 அன்று நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தார். கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்யக் கூட்டம் விடவில்லை. வேலங்காட்டு இடுகாட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே கல்லும் கட்டையுமாக அடித்தார்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்குக் காயம். கடைசியில் அவருடைய சக மருத்துவர் பிரதீப் குமார் இரவில் போலீஸ் பாதுகாப்போடு திரும்பி வந்து, மருத்துவமனை ஊழியர்கள் துணையோடு, தானே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். இறந்தவரின் உடலிலிருந்து தொற்று பரவியதற்குச் சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முந்தைய மாதமே சொல்லியிருந்தது. பல உயிர்களைக் காப்பாற்றிய கைகளுக்கு ஆறடி நிலம் கிடைக்க இவ்வளவு பாடு. உடலை அடக்கம் செய்யத் தடுத்தால் மூன்று ஆண்டுவரை சிறை என்று அந்த மாதமே அரசு அவசரச் சட்டம் போட வேண்டியிருந்தது.

அந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். சாவைக் கண்ணில் படாமல் ஒதுக்க நகரம் பழகிவிட்டதிலிருந்துதான் என்று தோன்றுகிறது. உன் ஹாஸ்டல் இருக்கும் கந்தன்சாவடிக்கும் என் வீட்டுக்கும் நடுவே பக்கிங்ஹாம் கால்வாய் ஓடுகிறது. நான் கிழக்கே நடந்தால் ஈ.சி.ஆரைத் தாண்டிக் குப்பம். அங்கே சாவு என்றால் தெருவை மறித்து ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, பறை. பிள்ளைகள் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும். ஊரில் சாவு விழுந்தால் அன்றைக்குத் தொழிலுக்குப் போகாமல் நிற்கும் வழக்கம் கடலோரக் குப்பங்களில் உண்டு. வருமானம் போனாலும் நிற்பார்கள். அதே கொட்டிவாக்கத்தில் அடுக்குமாடிகளில், உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் ஃப்ரீசர் பாக்ஸ் லிஃப்டில் ஏறாது, கீழே கார் நிறுத்துமிடத்தில் இரண்டு மணி நேரம், பிறகு பெசன்ட் நகர் மயானம். சாயங்காலம் உடல் இருந்த இடத்தில் கார் நிற்கும். வாடகை வீட்டுக்கு உடலைக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். இதைப் போல எனக்குக் கோபம் வரும் விஷயம் வேறில்லை. இருபது ஆண்டு வாடகை கொடுத்தவருக்கு ஒரு ராத்திரி இடமில்லை!

பழைய முறை எல்லாம் உயர்வு என்று நான் சொல்ல வரவில்லை. பறை அடிப்பது யார், குழி வெட்டுவது யார், பிணம் எரிப்பது யார் என்று சாதி பார்த்துத் தீர்மானித்த ஊர்கள் நம்முடையவை. இன்றைக்கு அதே வேலையைப் பெரும்பாலும் அதே மனிதர்களே, ஒப்பந்தக் கூலிக்குச் செய்கிறார்கள். நம் கண்ணில் படாத இடத்தில் செய்கிறார்கள், அவ்வளவுதான் மாற்றம்.

சாவுக்கு வைக்கும் பெயர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதையும் கேள். கழிவுநீர்த் தொட்டியிலும் சாக்கடைக் குழியிலும் இறங்கி விஷவாயு தாக்கிச் செத்தவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் அதிகம். 2014-ல் உச்ச நீதிமன்றம் இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. ஆனால் 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு தந்த பதில், கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்பது. சாக்கடையைச் சுத்தம் செய்யும்போது இறந்தவர்கள் வேறொரு தலைப்பில் இருந்தார்கள். ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு மாற்றினால் ஒரு கொடுமை இல்லாமலே போய்விடுகிறது. நீ செய்வதும் தலைப்பு வைக்கும் வேலைதான் பாப்பா.

எங்கோ அமெரிக்காவில் இருக்கும் ஒரு சார்ட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீ கேட்கலாம். அந்த மனிதரின் கடைசி மூன்று வாரத்தை, அவர் குடும்பத்தாரையும்விட நுணுக்கமாகப் படித்தவள் நீ. எந்த மருந்துக்குக் காய்ச்சல் இறங்கியது, எந்த இரவு மூச்சு திணறியது, எப்போது குழாயை எடுக்கச் சம்மதித்தார்கள் எல்லாம் உனக்குத் தெரியும். உனக்கு அழுகை வராவிட்டால் குற்றமில்லை. ஒரு நாளைக்கு இத்தனை பேருக்கு யாராலும் அழ முடியாது, பிணவறையில் வேலை செய்பவர் அழுதுகொண்டே வேலை செய்ய முடியாது. அந்த அமெரிக்கருக்கு நீ செய்யக்கூடிய மரியாதை, நடந்ததை நடந்தபடி எழுதுவது. துக்கத்துக்கு வராத ஒருவரால் அதைச் செய்ய முடியும், அது சின்ன காரியமில்லை.

அந்த இரண்டாவது சார்ட்டுக்கு வருகிறேன். குறிப்பு தெளிவில்லை என்றால் ஊகித்துப் போடக் கூடாது என்பது உன் தொழிலின் அடிப்படை விதி. டாக்டருக்குக் கேள்வி அனுப்ப வழி இருக்கிறது, க்வெரி என்று நீயே சொன்னாய். அனுப்பும்போது பதிலைத் திணிக்காத மாதிரி கேள். ‘இது நிமோனியாதானே’ என்று கேட்காதே, ‘இந்த எக்ஸ்ரே முடிவுக்கு உங்கள் நோயறிதல் என்ன’ என்று கேள். பணம் அதிகம் வரும் கோடைத் தெரிந்தே போட்டு அமெரிக்க அரசுக்குப் பில் அனுப்பினால், அங்கே 1863-லிருந்து இருக்கும் பொய்க் கோரிக்கைச் சட்டத்தில் வழக்கே வரும். உன் சீனியருக்கு அதுவும் தெரிந்திருக்கும். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கும் மேலே ஒருவர் எண்ணிக்கை கேட்கிறார். ஆனால் சார்ட்டில் பதிவாவது உன் ஐ.டி.

க்வெரி அனுப்பியதால் அன்றைக்கு உன் எண்ணிக்கை குறைந்தால், குறைந்த காரணத்தை அன்றே மெயிலில் டீம் லீடுக்கு எழுதிவிடு, வாயால் சொல்லாதே. திரும்பத் திரும்ப ஊகித்துப் போடச் சொன்னால், வேறு கம்பெனி பார். ஓ.எம்.ஆரில் அந்த வேலைக்குப் பஞ்சமில்லை. நடுவில் இரண்டு மாதம் சம்பளம் இல்லாவிட்டால் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு இங்கே வந்துவிடு. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
சித்தி