நின்றுபோன விசிறி

கேள்வி: மெரினா விமான சாகசத்தில் நான் எடுத்த ஹெலிகாப்டர் படம் தெளிவாக இருக்கிறது. ஆனால் விசிறி நின்றுபோய் அந்தரத்தில் தொங்குவதுபோல் தெரிகிறதே, ஏன்?

பதில்: ஷட்டர் வேகம் அதிகம். விமானப்படையின் சூர்யகிரண் சாகசக் குழுவின் ஹாக் ஜெட்டுகளுக்கு 1/1000 நொடியோ அதைவிட வேகமாகவோ வைக்கலாம். சாரங் குழுவின் துருவ் ஹெலிகாப்டருக்கு அது பொருந்தாது. 1/250க்கு இறங்குங்கள், கை பழகியதும் 1/125. விசிறி சுழல்வது அப்போதுதான் படத்தில் தெரியும்.

சிரமமும் இங்கேதான். கை ஆட்டமும் சேர்ந்து பதிவாகும். காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, ஹெலிகாப்டரோடு கேமராவைச் சீராக நகர்த்துங்கள். பட்டனை அழுத்திய பிறகும் நிறுத்தாதீர்கள். தொடர் ஃபோகஸ் அவசியம். பல படங்கள் வீணாகும், பரவாயில்லை. வெளுத்த வானம் ஹெலிகாப்டரைக் கறுப்பாக்கிவிடும். எக்ஸ்போஷரைச் சற்றே கூட்டுங்கள். மெரினாவில் கடலைப் பார்த்து நின்றால், வெயில் முதுகுப்பக்கம் வருவது மதியத்துக்குப் பிறகுதான்.