சளியின் நிறம்

ஆரணிப் பட்டு நெசவாளர் நூலின் நிறத்தைக் கூர்ந்து நோக்குவர். இருமும்போது வெளிப்படும் சளியின் நிறமும் நோக்கத்தக்கதே. தடுமனில் சளி பெரும்பாலும் தெளிந்திருக்கும். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகுந்தால் அது மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். நிமோனியாவில் துருநிறமும், காசநோயில் குருதியும் காணப்படலாம்.

எனினும், நிறம் அறிகுறியே; முடிவன்று. காசநோயாளரின் சளியில் குருதி இல்லாமலும் இருக்கலாம். 1882-ஆம் ஆண்டில் இராபர்ட் காக் என்னும் செருமானிய மருத்துவர் உருப்பெருக்கியின் துணையால் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். நிறம் காட்டாததைச் சோதனை காட்டும்.

தறியும் குடும்பமும் ஒரே இல்லத்தில் இருப்பின், ஒருவர் மறைக்கும் இருமல் அனைவர்க்கும் கேடாம். ஆதலின் இருமல் இரண்டு வாரம் நீடிப்பின், அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்தல் வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையம், நோயாளர் இல்லத்திலிருந்தே மருந்துண்டு நலம்பெறலாம் என மெய்ப்பித்தது. அஞ்சி மறைத்தல் வேண்டா. அறிந்து தீர்த்தல் வேண்டும்.