பழுதின் வேர்

நுழையும்முன்

கருவியின் ஓர் உறுப்பு பழுதுற்றால் புதியதைப் பொருத்துவது எளிது. அதே உறுப்பு மீண்டும் மீண்டும் பழுதுறுமாயின், மாற்றுவது மட்டும் தீர்வாகாது; காரணத்தை ஆராய்வதே தீர்வாகும். மேசைக் கணினியின் மின்வழங்கியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, காரணம் தேடும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பள்ளியொன்றின் ஆய்வகத்தில் உள்ள கணினி இயங்க மறுக்கிறது எனக் கொள்க. மின்வழங்கி எரிந்துவிட்டதெனக் கருதிப் புதியது பொருத்தப்படுகிறது. நான்கு திங்களில் அதுவும் ஓய்கிறது. மூன்றாவதும் அவ்வாறே ஓயும்போது, பொருள் தரமற்றது என்று விற்றவர்மீது பழி விழுகிறது. செலவான பணமும், சேமிக்கும் முன்பே அழிந்துபோன மாணவர் உழைப்பும் திரும்ப வாரா. உறுப்பு மூன்று முறை மாறியது. ஆனால், அது ஏன் பழுதுற்றது என்னும் வினா ஒருமுறையேனும் எழவில்லை.

மின்வழங்கியின் பணி

வழக்கில் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தைப் பெற்று, கணினியின் உறுப்புகளுக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தருகிறது. 1995ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். வரையறையின் வழிவந்த அமைப்பே இன்றும் பெரும்பாலான மேசைக் கணினிகளில் உள்ளது. அவ்வரையறைப்படி இவ்வழுத்தங்கள் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. எனவே, 12 வோல்ட் வழியில் அளவு 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருத்தல் வேண்டும்.

மின்வழங்கி மின்னாற்றலை மாற்றித் தருவதோடு காவலும் செய்கிறது. வெளியேறும் மின்னோட்டம் அளவு கடந்தாலோ எங்கேனும் குறுக்குச்சுற்று ஏற்பட்டாலோ தரமான மின்வழங்கி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். மின்னிணைப்பை நீக்கிச் சற்று நேரம் கழித்து மீண்டும் தந்தால் உயிர்பெறும். இதனை அறியாதோர், நலமாக உள்ள மின்வழங்கியையே பழுதென்று தூக்கியெறிவதுண்டு. தாய்ப்பலகையின் அடியில் சிக்கிய ஒரு திருகாணி குறுக்குச்சுற்றை உண்டாக்கியிருப்பின், எத்தனை மின்வழங்கிகளை மாற்றினாலும் கணினி இயங்காது. ஆகவே, உண்மையில் பழுதுற்றது மின்வழங்கிதானா என்பதே முதல் வினா.

காலம் காட்டும் குறிப்பு

பழுது தோன்றும் நேரமே அதன் காரணத்தைப் பெரிதும் உணர்த்தும். பொத்தானை அழுத்தியவுடன் விசிறி ஒருகணம் சுழன்று நின்றால், குறுக்குச்சுற்றை ஐயுறலாம். அரைமணி நேரம் இயங்கிய பின் அணைந்தால், வெப்பத்தை ஐயுறலாம். விளையாட்டோ காணொலித் தொகுப்போ தொடங்கியவுடன் அணைந்தால், சுமை மிகுந்திருக்கலாம். மின்தடை நீங்கி மின்சாரம் திரும்பும் வேளையிலோ இடிமின்னலின்போதோ பழுது நேர்ந்தால், காரணத்தைக் கணினிக்கு வெளியே தேடுதல் வேண்டும். நாளும் நேரமும் குறித்த ஓர் ஏடு, விலையுயர்ந்த அளவுகருவியைவிடப் பயன் தருவதுண்டு.

வெளியிலிருந்து உள்ளே

தேடலைச் சுவரிலிருந்து தொடங்குதல் நன்று. தளர்ந்த செருகியும் கருகிய மின்செருகு பெட்டியும் மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் தரும். மும்முனை மின்வழங்கலில் நியூட்ரல் கம்பி அறுந்தால், ஒருமுனை இணைப்பு பெற்ற வீடுகளில் அழுத்தம் 230 வோல்ட்டைக் கடந்து வெகுவாக உயரக்கூடும். அந்நிலையில் மின்வழங்கி மட்டுமன்றி மின்விளக்குகளும் பிற கருவிகளும் சேர்ந்து பழுதுறும், அதுவே அடையாளம்.

கணினிப்பெட்டியின் உலோகப் பகுதியைத் தொடும்போது மெல்லிய மின்னதிர்வு உணரப்பட்டால், தரையிணைப்பு இல்லாமையை ஐயுறலாம். மின்வழங்கியின் வடிகட்டியில் உள்ள மின்தேக்கிகள் தரையிணைப்பை எதிர்பார்த்து அமைக்கப்பட்டவை. அஃது இல்லாதபோது பெட்டியில் சுவர் அழுத்தத்தின் ஏறத்தாழப் பாதி தோன்றும். இதனைச் சிறு குறையென்று ஒதுக்குதல் தீங்கு தரும். சுவர் இணைப்பை அளந்து சரிசெய்யும் பணியை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

அடுத்தது வெப்பம். மின்வழங்கியிலுள்ள மின்பகுளி மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பநிலை பத்துப் பாகை உயரும்தோறும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். தூசு அடைத்த விசிறியும், சுவரோடு ஒட்டி வைக்கப்பட்ட பெட்டியும் இவ்வாறே புதிய மின்வழங்கியையும் முதுமையடையச் செய்கின்றன. 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் குறைபாடுடைய மின்பகுளி கொண்ட மின்தேக்கிகள் உலகெங்கும் பல கணினிகளைப் பழுதாக்கின. மேற்புறம் உப்பிய மின்தேக்கியே அப்பழுதின் வெளிப்படையான அடையாளமாக இருந்தது.

மூன்றாவது சுமை. பெட்டியின்மேல் அச்சிட்ட மொத்த வாட் அளவை மட்டும் நம்புதல் போதாது. ‘450 வாட்’ எனப் பொறிக்கப்பட்ட ஒன்றில் 12 வோல்ட் வழிக்கு 16 ஆம்பியர் மட்டுமே குறிக்கப்பட்டிருப்பின், அவ்வழி தரவல்லது 192 வாட்டே. செயலிக்கு 65 வாட்டும் வரைகலை அட்டைக்கு 170 வாட்டும் தேவையெனில், இரண்டுக்கும் 235 வாட் வேண்டும். இவையிரண்டும் பெரும்பாலும் 12 வோல்ட் வழியிலிருந்தே ஆற்றல் பெறுவதால், அம்மின்வழங்கி நாள்தோறும் தன் எல்லையை மீறி உழைக்கிறது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

ஆய்வின்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். கணினியை வேறு அறையின் மின்னிணைப்பில் இயக்கிப் பார்ப்பது ஒரு சோதனை. வரைகலை அட்டையை நீக்கி இயக்குவது மற்றொன்று. இரண்டையும் ஒருங்கே செய்தால் பழுது நீங்கினாலும் காரணம் விளங்காது. விளங்காத பழுது மீண்டும் வரும்.

எவ்வளவு ஆர்வம் இருப்பினும், மின்வழங்கியின் கூட்டைத் திறத்தல் ஆகாது. அதனுள் இருக்கும் பெரிய மின்தேக்கி ஏறத்தாழ 325 வோல்ட் அழுத்தத்தைத் தாங்குவது. இணைப்பைத் துண்டித்த பின்னும் அம்மின்னேற்றம் சிறிது நேரம் எஞ்சியிருக்கக்கூடும். அஃது உயிரைப் பறிக்கவல்லது.

மீண்டும் மீண்டும் பழுதுறும் உறுப்பு பெரும்பாலும் குற்றவாளி அன்று. வேறோர் இடத்துக் குறையைத் தாங்கி முதலில் வீழ்வது அது. அதனை மட்டும் மாற்றுவோர் குறையைக் கட்டிக்காக்கின்றனர். அது வீழ்ந்த காரணத்தைத் தேடுவோரே பழுதை உண்மையில் நீக்குகின்றனர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக் கணினியொன்றின் மின்வழங்கியில் ஒட்டப்பட்டுள்ள விவரச்சீட்டைப் படித்து, 12 வோல்ட் வழியின் வாட் அளவைக் கணக்கிடுக.

2. வீட்டில் அடிக்கடி பழுதுறும் கருவியொன்றைத் தேர்ந்து, பழுது நேர்ந்த நாள், நேரம், சூழல் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, வகுப்பில் கலந்துரையாடுக.