ஒரு வாக்கின் மதிப்பு 176: குடியரசுத் தலைவர் தேர்தலைக் கணக்காகக் கற்பித்தல்

பத்தாம் வகுப்புக் குடிமையியலில் ‘மத்திய அரசு’ பாடத்தை நடத்தும்போது மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “குடியரசுத் தலைவருக்கு எங்க அப்பா ஓட்டுப் போடலையே, அப்புறம் யார் போட்டது?” காஞ்சிபுரத்தில் என் வகுப்பில் இதற்கான விடையைச் சொல்லிவிடாமல் கணக்காகப் போட வைக்கிறேன்.

முதலில் விதி. நாடாளுமன்ற இரு அவைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள், மாநிலச் சட்டமன்றங்களுக்கும் டெல்லி, புதுச்சேரி சட்டமன்றங்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் ஆகியோர் வாக்களிக்கிறார்கள். நியமன உறுப்பினர்களுக்கு வாக்கு இல்லை. சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மாநிலத்துக்கு மாநிலம் மதிப்பு மாறும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுத்தான் தறிக்குத் தருகிறார்கள். இந்த வாக்கையும் அப்படி எடை போட்டே எண்ணுகிறார்கள் என்பேன்.

எடைக்கல், 1971 மக்கள்தொகை. அதைச் சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, மீண்டும் 1000-ஆல் வகுக்க வேண்டும். மீதி 500-க்குக் குறையாமல் இருந்தால் ஒன்று கூட்ட வேண்டும்.

தமிழ்நாடு: 4,11,99,168 ÷ 234 ÷ 1000 = 176.
ராஜஸ்தான்: 2,57,65,806 ÷ 200 ÷ 1000 = 129.
சிக்கிம்: 2,09,843 ÷ 32 ÷ 1000 = 7.

இப்போது காஞ்சிபுரம், உத்திரமேரூர், ஸ்ரீபெரும்புதூர், ஆலந்தூர் என்ற நம் மாவட்டத்தின் நான்கு தொகுதிகளையும் கூட்டச் சொல்கிறேன். 4 × 176 = 704. “அப்பா ஓட்டு இந்த 704-க்குள்ள இருக்கு” என்று மாணவர்களே சொல்லிவிடுகிறார்கள். மறைமுகத் தேர்தல் என்ற சொல் அப்போது அவர்களுக்குப் பிடிபடுகிறது.

அடுத்த கேள்வி இயல்பாகவே வரும்: “ஏன் சார் இன்னும் 1971?” மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதனால் நட்டப்படக் கூடாது என்று 1976-இல் 42-ஆவது திருத்தம் அந்த எண்ணிக்கையை நிலைநிறுத்தியது. 84-ஆவது திருத்தம் அதை, 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும் வரை நீட்டித்தது.

அந்த நிலை மாறினால் என்ன ஆகும்? 2011 கணக்கெடுப்பைக் கொடுத்து, அதே விதியில் போடச் சொல்கிறேன். தமிழ்நாட்டின் 7,21,47,030 பேருக்கு மதிப்பு 308. மேற்கே, நான்கில் மூவர் கிராமங்களில் வாழும் ராஜஸ்தானின் 6,85,48,437 பேருக்கு 343. 176-க்கு 129 என்று பின்னால் இருந்த மாநிலம் முன்னால் வந்துவிடுகிறது. கரும்பலகையில் இந்த நான்கு எண்களும் வந்ததும் வகுப்பு இரண்டாகிவிடும். “குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்கா செஞ்சதுக்கு நம்ம எடை குறையணுமா?” என்பாள் ஒருத்தி. “ராஜஸ்தான்ல பொறந்த பிள்ளையும் ஆள்தானே, அதை எண்ண வேண்டாமா?” என்பான் இன்னொருவன். இரண்டும் நியாயமான கேள்விகள். நான் தீர்ப்புச் சொல்வதில்லை. இரு அணிகளும் பத்து நிமிடத்தில் இடம் மாறி எதிர்த்தரப்புக்காகப் பேச வேண்டும் என்பதே என் நிபந்தனை.

ஒப்பிட அமெரிக்காவைச் சேர்க்கலாம். அங்கே மேற்கில் உள்ள வயோமிங் மாநிலத்தில் 2020 கணக்குப்படி 5,76,851 பேர். அதிபர் தேர்தலில் அதற்கு 3 தேர்வாளர்கள். கலிபோர்னியாவில் 3,95,38,223 பேருக்கு 54. வகுத்துப் பார்த்தால் வயோமிங்கில் சுமார் 1.92 லட்சம் பேருக்கு ஒருவர். கலிபோர்னியாவில் சுமார் 7.32 லட்சம் பேருக்கு ஒருவர். எவ்வளவு சிறிய மாநிலமானாலும் மூன்றுக்குக் குறையாது என்பது அங்குள்ள விதி. மேலும், வயோமிங்கில் முந்துபவருக்கே மூன்றும் போய்விடும். 1968 முதல் அவை குடியரசுக் கட்சிக்கே கிடைத்துவருகின்றன. நம் நாட்டிலோ ஒவ்வொரு உறுப்பினரும் தனித்தனியே, இரகசியமாக, விருப்ப வரிசைப்படி வாக்களிக்கிறார்.

இந்தப் பாடத்துக்கு இரண்டு பாடவேளைகள் போதும். கணித ஆசிரியரையும் உடன் அழைத்துக்கொண்டால் நல்லது. இன்று பத்தாம் வகுப்பில் இருப்பவர்கள் வாக்காளராகும் காலத்தில்தான் இந்த எண்கள் மாறக்கூடும். அன்று 176 மாறியதாகச் செய்தி படிக்கும்போது, எதை எதனால் வகுத்தார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.