தூக்கத்தில் பறிபோகும் பேச்சு

"ஐயா, நாலு வயசு வரைக்கும் கதை கதையாப் பேசின பையன். இப்ப கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கிறான். வல்லாரை லேகியம் ஏதாச்சும் கொடுங்க" என்றபடி வந்தார் ஒரு தாய். காதில் குறையில்லை என்று பரிசோதனை சொன்னது. பள்ளியில் 'அடம்' என்றார்களாம், வீட்டில் 'திருஷ்டி'.

"தூக்கத்தில் ஏதாவது கவனித்தீர்களா?" என்றேன்.

"வாய் ஒரு பக்கமா இழுக்கும், எச்சில் வழியும். பூச்சித் தொந்தரவுன்னு விட்டுட்டோம்."

நான் லேகியம் கொடுக்கவில்லை. நரம்பியல் நிபுணரிடம் அனுப்பினேன். தூக்கத்தில் எடுத்த ஈ.ஈ.ஜி. உண்மையைச் சொல்லிவிட்டது.

தூக்கத்தில் என்ன நடக்கிறது?

பகலில் கற்றதை மூளை ஆழ்ந்த தூக்கத்தில் பதிய வைக்கிறது. சில குழந்தைகளுக்கு அந்த நேரத்தில் வலிப்பு மின்னலைகள் ஓயாமல் ஓடும். ஆழ்ந்த தூக்கத்தில் 85 சதவீதத்துக்கு மேல்கூட இவை நிறைந்திருக்கலாம். கை கால் வெட்டி இழுக்காமலே பேச்சும் படிப்பும் பின்னுக்குப் போகும். இப்படிப் பேச்சு போவதை 1957-ல் லாண்டாவ், கிளெஃப்னர் இருவரும் விவரித்தார்கள்.

யார் மீது பழி?

16-வது குரோமோசோமில் உள்ள 'கிரின்2ஏ' என்ற ஜீனின் கோளாறு ஒரு காரணம் என்று 2013-ல் தெரிந்தது. மூளை செல்கள் செய்தி வாங்கிக்கொள்ள உதவும் புரதத்தின் ஒரு பகுதியை உருவாக்குவது இந்த ஜீன்தான். எல்லாக் குழந்தைகளுக்கும் இதுவே காரணமல்ல. பிறக்கும்போது மூளையில் ஏற்பட்ட காயமும் காரணமாகலாம்.

"சொந்தத்துல கட்டினதாலதான்" என்று மருமகளைக் குத்திக் காட்டாதீர்கள். இந்த ஜீன் பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதாகி வந்தாலே போதும். குழந்தையிடம் புதிதாகவும் பழுதாகலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

பெற்றோர் செய்ய வேண்டியவை

* விழித்திருக்கும்போது எடுத்த ஈ.ஈ.ஜி. சரியாக இருந்தாலும், தூக்கத்திலும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

* மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கார்பமசெபின் போன்ற சில வலிப்பு மருந்துகள் இந்த வகையை மோசமாக்கலாம். மாற்றுவது நிபுணரின் வேலை.

* பேச்சுப் பயிற்சியை உடனே தொடங்குங்கள்.

* அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை பெறுங்கள்.

சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: 'மாந்த வலிப்பு' என்று உரைமருந்து கொடுத்துக் காலத்தைக் கடத்த வேண்டாம். வலிப்பு பெரும்பாலும் வளர்ந்து வரும் வயதில் நின்றுவிடும். ஆனால் போன பேச்சு எவ்வளவு திரும்பும் என்பது, நாம் எவ்வளவு சீக்கிரம் விழித்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. இன்றிரவு பிள்ளை தூங்கும்போது கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.